ஹோன்மா, ரெண்டு பேர்

தொகாஷி: ...இல்லீங்கம்மா, பட்டியல்ல ஒரே வரிதான் இருக்கு. 'ஹோன்மா, ரெண்டு பேர்.' நான் மரியாதையா 'ஹோன்மா சான்'னு கூப்பிட்டேன். இவர் 'இதோ'ன்னார். நீங்களும் 'இதோ'ன்னீங்க. சரியாத்தானே இருக்கு?

தெய்ஜி: எண்ணிக்கை சரிதான்மா. ஆளுதான் சரியில்ல.

மசுயோ: கேட்டியா? மணி ஆறரைகூட ஆகல. வெளியில மைனஸ் பதினெட்டு. அதுக்குள்ள ஆரம்பிச்சாச்சு.

தொகாஷி: ஐயோ... வீட்லேர்ந்தே சண்டை போட்டுட்டு வந்தீங்களா ரெண்டு பேரும்?

மசுயோ: வேற வேற வீட்லேர்ந்து வந்தோம்.

தெய்ஜி: வேற வேற ஊர்லேர்ந்து. நான் இந்த குஷிரோ. இவ ஒபிஹிரோ.

மசுயோ: பதினோரு வருஷமா.

தொகாஷி: ...ஓ.

மசுயோ: 'ஓ'தான். வேற சீட் இருக்கா?

தொகாஷி: முப்பத்தெட்டு சீட்டு, முப்பத்தெட்டு பேரு. நான் உக்கார்ற மடக்கு நாற்காலி ஒண்ணு இருக்கு. அதுல உக்காந்தீங்கன்னா மைக்கையும் நீங்கதான் பிடிக்கணும்.

மசுயோ: அதை இவருக்குக் குடு. முப்பது வருஷம் மீன் சந்தையில ஏலம் விட்ட தொண்டை. வீட்லதான் ஊமை.

தெய்ஜி: ஜன்னல் பக்கம் நீ உக்காரு.

மசுயோ: என்ன திடீர்னு?

தெய்ஜி: ஒண்ணுமில்ல. அங்கதான் குளிர் ஜாஸ்தி.

மசுயோ: அதானே பாத்தேன்.

தொகாஷி: அப்ப... பஸ்ஸைக் கிளப்பச் சொல்லட்டுங்களா?

மசுயோ: சொல்லும்மா. இறங்கிப் போனா மட்டும் என்ன? ஸ்டேஷன்ல ஸ்டவ் போட ஏழரை மணி ஆகும்.

தெய்ஜி: ...நேத்தே வந்துட்டியா?

மசுயோ: பின்ன, கொக்கு மேல ஏறியா வருவாங்க? ஓட்டல்ல தங்கினேன். சரி சொல்லுங்க, இந்தக் கொக்கு பாக்கற டூர் மினோரி வேலைதானே?

தெய்ஜி: ...வேற யாரு?

மசுயோ: எனக்குத் தபால்ல வந்துச்சு. உறைக்குப் பின்னாடி மினோரி பேரு. உள்ள டிக்கெட். கூட ஒரே ஒரு வரி. 'போயிட்டு வா, அம்மா.'

தெய்ஜி: எனக்கும் அப்படியேதான்.

மசுயோ: 'போயிட்டு வா, அம்மா'ன்னா?

தெய்ஜி: ...'அப்பா'ன்னு.

மசுயோ: பொண்ணு கெட்டிக்காரி. மே மாசம் நடக்கப் போற அவ கல்யாணத்துக்கு 'அவர் வந்தா நான் வரமாட்டேன்'னு நான் சொல்லி மூணு வாரம் ஆச்சு. அதுக்குப் பதில் இது. நாள் முழுக்க ஒரே சீட்டுல போட்டு மூடிட்டா.

தெய்ஜி: என்கிட்டயும் சொன்னா. 'அம்மா இப்படிச் சொல்றாங்கப்பா, நான் என்ன பண்ணட்டும்'னு அழுதா.

மசுயோ: அழுதாளா?

தெய்ஜி: போன்ல மூக்கை உறிஞ்சினா. சளியாக்கூட இருக்கலாம்.

மசுயோ: நீங்க என்ன சொன்னீங்க?

தெய்ஜி: அம்மா வரட்டும், நான் வரலேன்னேன்.

மசுயோ: தியாகி.

தெய்ஜி: வேற என்ன சொல்றது? பெத்தவங்க ரெண்டு பேரும் கடைசி மேசையில பக்கத்துல பக்கத்துல உக்காரணும். முடிஞ்சதும் வாசல்ல சேர்ந்து நின்னு, வந்தவங்க எல்லாருக்கும் குனிஞ்சு நன்றி சொல்லணும். உன்னாலதான் முடியாதே.

மசுயோ: உக்கார முடியும். இதோ உக்காந்திருக்கேனே. சிரிச்ச மூஞ்சியோட உக்காரத்தான் முடியாது.

தெய்ஜி: ...ஒண்ணு கேக்கட்டுமா?

மசுயோ: கேட்டுட்டுத்தானே இருக்கீங்க.

தெய்ஜி: நீ இன்னுமா ஹோன்மா?

மசுயோ: ஏன்?

தெய்ஜி: கூப்பிட்டதும் 'இதோ'ன்னியே. பிரிஞ்சதுமே உங்க அப்பா வீட்டுப் பேருக்குத் திரும்பியிருப்பேன்னு...

மசுயோ: மூணு மாசத்துக்குள்ள ஒரு தாள் எழுதிக் குடுத்தா புருஷன் பேரையே வெச்சுக்கலாம், தெரியாதா? பேங்க் புக்கு, லைசென்ஸு, கையெழுத்துக்குப் பதிலா குத்தற பேர் முத்திரை... அத்தனையையும் மாத்த யாரு அலையறது?

தெய்ஜி: அது சரி.

மசுயோ: வேற எதுவும் நினைச்சுக்காதீங்க.

தெய்ஜி: நான் எதையும் நினைக்கல.

மசுயோ: அது உங்களுக்குப் பழக்கம்தான்.

தொகாஷி: அனைவருக்கும் காலை வணக்கம். இன்று உங்களோடு வரும் வழிகாட்டி தொகாஷி. இன்னும் சற்று நேரத்தில் ஒதோவா பாலம். கொக்குகள் ஆற்றிலேயே தூங்கிக்கொண்டிருக்கும், அதனால் பாலத்தின் மேல் தயவுசெய்து மெதுவாகப் பேசுங்கள். தரை கண்ணாடி மாதிரி வழுக்கும், கவனம்.

தெய்ஜி: இரு, இரு. இறங்காத. இதை மாட்டிக்கோ.

மசுயோ: என்னது இது, ரப்பர்ல முள்ளு முள்ளா?

தெய்ஜி: ஷூவுக்கு அடியில மாட்டறது. ஐஸ்ல வழுக்காது.

மசுயோ: அப்ப உங்களுக்கு?

தெய்ஜி: எனக்கு வேற இருக்கு.

மசுயோ: தனியா கொக்கு பாக்க வர்ற ஆளு ரெண்டு ஜோடி எடுத்துட்டு வருவாரா?

தெய்ஜி: ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம்.

மசுயோ: இருபத்திமூணரை சைஸ். என் கால் சைஸே குஷிரோவுல இலவசமாக் கிடைக்குது. நல்ல ஊரு.

தெய்ஜி: மாட்டறியா, இல்லியா?

மசுயோ: மாட்டறேன், மாட்டறேன். கத்தாதீங்க. கொக்கு தூங்குது.

தெய்ஜி: ...ஒண்ணும் தெரியலையே. ஆவி ஆவியா வருது ஆத்துலேர்ந்து. குளியல் தொட்டி மாதிரி.

மசுயோ: மெதுவா. இது ஏலக் கூடம் இல்ல.

தெய்ஜி: மெதுவாத்தான் பேசறேன்.

மசுயோ: இதுதான் மெதுவா? ...அந்தா. அந்த வெள்ளை மரத்துக்குக் கீழ. பாத்தீங்களா? ஒத்தக் கால்ல வரிசையா நிக்குது.

தெய்ஜி: அது கல்லுன்னு நினைச்சேன்.

மசுயோ: கல்லுக்கு யாராவது தலையில சிவப்புத் தொப்பி வெப்பாங்களா?

தெய்ஜி: இந்தக் குளிர்ல தண்ணிக்குள்ள நின்னு தூங்குதே, பைத்தியமா?

தொகாஷி: தரையைவிட தண்ணி சூடுங்க. இந்த ஆறு உறையாது. நரியும் தண்ணிக்குள்ள வராது.

மசுயோ: பாருங்க, அதுங்களுக்கு எங்க இருந்தா நல்லதுன்னு தெரியுது. எனக்குத்தான் இருபத்தாறு வருஷம் ஆச்சு.

தெய்ஜி: ஆரம்பிச்சுட்டா.

மசுயோ: இந்தக் கேமராக்காரங்க எல்லாம் எத்தனை மணிக்கு வந்து ஸ்டாண்டு போட்டாங்க, தொகாஷி சான்?

தொகாஷி: சிலர் மூணரை மணிக்கே வந்துடுவாங்க. வெளிச்சம் வர்ற வரைக்கும் கண்ணை எடுக்காம நிப்பாங்க.

மசுயோ: பொண்டாட்டியை ஒரு நாளாவது இப்படி நின்னு பாத்திருப்பாங்களா?

தொகாஷி: ஹோன்மா சான், சிரிக்க வெக்காதீங்க. நானே சத்தம் போடாதீங்கன்னு சொல்லிட்டு...

தெய்ஜி: உன் கண் இமையெல்லாம் வெள்ளையா ஆயிடுச்சு.

மசுயோ: உங்க புருவமும்தான்.

தெய்ஜி: பனி.

மசுயோ: எனக்குப் பனி. உங்களுக்கு வயசு.

தெய்ஜி: மசுயோ.

மசுயோ: ம்?

தெய்ஜி: மே மாசம்... அந்தக் கல்யாணத்துல...

தொகாஷி: எழுந்திருச்சுருச்சு! ரெண்டு, மூணு... இறக்கையை விரிக்குது, பாருங்க!

மசுயோ: அடேங்கப்பா. எவ்வளவு பெருசு... என்ன சொன்னீங்க?

தெய்ஜி: ஒண்ணுமில்ல. குளிருதுன்னேன்.

மசுயோ: பஸ்ல ஏறி உக்காருங்க அப்ப. ...என்ன, பஸ் கிளம்பியும் முணுமுணுக்கறீங்க?

தெய்ஜி: இல்ல... இந்தப் பொண்ணு இப்ப 'வலது பக்கம் பாருங்க'ன்னு சொல்லிட்டு இடது கையைத் தூக்கினா. கவனிச்சியா? பாவம், புதுசு போல.

மசுயோ: அவ நம்மளைப் பாத்துத் திரும்பி நிக்கறா. அவளோட இடது, நமக்கு வலது.

தெய்ஜி: அட, ஆமா.

மசுயோ: எதிர்ல இருக்கறவங்க பக்கத்துலேர்ந்து யோசிக்கறதுன்னு ஒண்ணு இருக்கு. வழிகாட்டிகளுக்கு முதல் வாரமே சொல்லிக் குடுத்துடறாங்க. மத்தவங்களுக்கும் வெக்கலாம் அந்தப் பயிற்சியை.

தெய்ஜி: ...நரி பாத்தியா?

மசுயோ: பேச்சை மாத்தாதீங்க.

தெய்ஜி: நிஜமாவே நரி. வலது பக்கம்.

மசுயோ: எந்த வலது?

தெய்ஜி: நம்ம வலது! போச்சு. போயிடுச்சு.

தொகாஷி: இந்த வயலில் கொக்குகளுக்காக மக்காச்சோளம் இறைத்திருக்கிறார்கள். வேலியைத் தாண்ட வேண்டாம். இப்போது ஒரு ஜோடி கூவும், கேளுங்கள்... கேட்டுச்சா? முதல்ல கத்தினது ஆண். ஒரே ஒரு தடவை. உடனே பெண் ரெண்டு தடவை பதில் சொல்லும். சேர்த்துக் கேட்டா ஒரே பறவை கத்தற மாதிரி இருக்கும்.

தெய்ஜி: ஒண்ணுக்கு ரெண்டு. இதுக்கு விளக்கமே வேண்டாம்மா. அனுபவம்.

மசுயோ: அந்த ஆண் ஒண்ணாவது சொல்லுது.

தொகாஷி: ...அங்க பாருங்க, குதிக்குது! நடனம்!

மசுயோ: சண்டை மாதிரியில்ல இருக்கு?

தொகாஷி: இல்லீங்க. ஆசையில ஆடறது.

மசுயோ: அப்படியா. எங்க வீட்ல பாத்திரம் பறந்தப்ப பக்கத்து வீட்டுக்காரங்களும் அப்படித்தான் நினைச்சிருப்பாங்க.

தெய்ஜி: எப்ப பாத்திரம் பறந்துச்சு?

மசுயோ: நீங்க தூங்கிட்டிருந்தீங்க. விடியறதுக்கு முன்னாடி சந்தைக்குப் போகணும்னு சாயங்காலம் ஏழு மணிக்கே குறட்டை. நான் தனியா எறிஞ்சு, தனியா பொறுக்கி வெச்சேன்.

தெய்ஜி: அப்பவே எழுப்பியிருக்கலாமே.

மசுயோ: எழுப்பினா என்ன சொல்லுவீங்க? 'சோறு', 'குளியல்', 'தூக்கம்.' இந்த மூணுல ஏதாவது ஒண்ணு. சந்தையில ஒரு மீனுக்கு அவ்வளவு பேச்சு. 'கொழுப்பைப் பாரு, பளபளப்பைப் பாரு'ன்னு. நானும் ஒரு நாள் போய்ப் பெட்டியில படுத்துக்கலாம்னு பாத்தேன்.

தெய்ஜி: உன்னை நல்ல விலைக்கு—

மசுயோ: முடிக்காதீங்க அந்த வாக்கியத்தை.

தெய்ஜி: ...பசிக்குது.

மசுயோ: மணி பத்துகூட ஆகல. மதியச் சாப்பாடு இருக்கே.

தெய்ஜி: காலையில ஒண்ணும் சாப்பிடல.

மசுயோ: இந்தாங்க.

தெய்ஜி: சோத்து உருண்டையா? நீ பிடிச்சதா?

மசுயோ: ஓட்டல் அறையில சமைக்க விடுவாங்களா? நேத்து ஊர்லேர்ந்து கிளம்பும்போது பிடிச்சது. கல்லு மாதிரி இருக்கும். கடிச்சுப் பல்லு போனா என்னைச் சொல்லக்கூடாது.

தெய்ஜி: உள்ள சால்மன்.

மசுயோ: ஆமா.

தெய்ஜி: நீ எப்பவும் புளிப்பு ப்ளம் ஊறுகாய்தானே வெப்ப? எனக்குத்தான் அது ஆகாது.

மசுயோ: எனக்கு ஊறுகாய் வெச்சது ரெண்டு. இது கை தவறி சால்மன் ஆயிடுச்சு.

தெய்ஜி: கை தவறி ரெண்டு உருண்டையா?

மசுயோ: உங்களுக்கு இலவச முள்ளு கிடைக்கலாம், எனக்குக் கை தவறக்கூடாதா? சாப்பிடுங்க பேசாம.

தெய்ஜி: நல்லா இருக்கு.

மசுயோ: என்ன சொன்னீங்க?

தெய்ஜி: நல்லா இருக்குன்னேன்.

மசுயோ: தொகாஷி சான், இந்த இடத்தைக் குறிச்சு வெச்சுக்கோ. அபூர்வமான சத்தம் கேட்டுச்சு. அடுத்த தடவை கூட்டிட்டு வர்றவங்ககிட்ட சொல்லு.

தொகாஷி: குறிச்சுக்கிட்டேன். அடுத்ததா நாம மேல ஏறப் போறது மாஷு ஏரிக்கு. உலகத்துலயே ரொம்பத் தெளிஞ்ச தண்ணின்னு பேரு வாங்கின ஏரி.

மசுயோ: ம்.

தெய்ஜி: என்ன 'ம்'?

மசுயோ: ஒண்ணுமில்ல. கல்யாணம் ஆன முதல் வருஷம் 'மாஷு ஏரிக்குப் போலாமா'ன்னேன். நீங்க என்ன சொன்னீங்க?

தெய்ஜி: ...ஞாபகமில்ல.

மசுயோ: 'அது எங்கேயும் ஓடிப் போயிடாது'ன்னீங்க. மினோரி பொறந்தப்புறம் கேட்டேன். ஓடிப் போயிடாது. அவ பள்ளிக்கூடம் சேர்ந்ததும் கேட்டேன். ஓடிப் போயிடாது. கார்ல ஒண்ணரை மணி நேரம். இருபத்தாறு வருஷம்.

தெய்ஜி: இன்னிக்குப் பாக்கப் போறோமில்ல.

மசுயோ: ஆமா. மினோரி புண்ணியத்துல.

தெய்ஜி: ...ஆமா. மினோரி புண்ணியத்துல.

தொகாஷி: வழுக்கும், மெதுவா வாங்க. காட்சிமேடை இதுதான். ஏரி... அப்படியே உங்களுக்கு நேர் கீழ.

தெய்ஜி: எங்க?

தொகாஷி: இந்த... வெள்ளைக்குப் பின்னாடிங்க.

தெய்ஜி: ஏம்மா, எல்லாமே வெள்ளையாத்தானே இருக்கு?

தொகாஷி: பனிமேகம் இறங்கிடுச்சு. குளிர்காலத்துல பெரும்பாலும் நல்லாத் தெரியும். இன்னிக்குன்னு பாத்து...

மசுயோ: பாத்தீங்களா?

தெய்ஜி: என்ன?

மசுயோ: ஓடிப் போயிடுச்சு.

தெய்ஜி: மசுயோ...

மசுயோ: ஓடிப் போயிடாது, ஓடிப் போயிடாதுன்னீங்க. போயிடுச்சு பாருங்க. அதுவும்தான் எவ்வளவு நாள் காத்திருக்கும்?

தொகாஷி: அம்மா, இதுலயும் ஒரு நல்லது இருக்குங்க. மாஷு ஏரியை மூடுபனி இல்லாமப் பாத்தா கல்யாணம் தள்ளிப் போகும்னு இந்தப் பக்கம் சொல்லுவாங்க. பாக்காததே அதிர்ஷ்டம்.

மசுயோ: எங்க ரெண்டு பேருக்கும் அந்தக் கவலை இல்லம்மா.

தெய்ஜி: முப்பத்தேழு வருஷம் முன்னாடி தெளிவாப் பாத்திருந்தா தப்பிச்சிருப்போம்.

மசுயோ: யாரு கூட்டிட்டு வரலே?

தொகாஷி: சரிங்க, எல்லாரும் பஸ்ஸுக்குப் போலாமா? நேரமாச்சு.

தெய்ஜி: ஒரு அஞ்சு நிமிஷம்மா. மேகம் நகருது. அதோ, அந்தப் பக்கம் வெளுக்குது.

தொகாஷி: எல்லாரும் ஏறிட்டாங்க, ஹோன்மா சான். உங்களுக்காகத்தான்...

தெய்ஜி: அஞ்சே நிமிஷம். நீ போய் உக்காரு மசுயோ, தெரிஞ்சதும் கூப்பிடறேன்.

மசுயோ: மூக்கு விழுந்துடும் உங்களுக்கு. வாங்க.

தெய்ஜி: இரு... இப்ப பாரு, இப்ப... ம்ஹும். இல்ல.

மசுயோ: வாங்கன்னா வாங்க. முப்பத்தாறு பேரு முறைக்கறாங்க.

தெய்ஜி: மன்னிக்கணும்! எல்லாரும் மன்னிக்கணும்! என்னாலதான் லேட்டு. ரொம்ப நேரம் காக்க வெச்சுட்டேன். தப்பு என்னுதுதான். மன்னிக்கணும்.

மசுயோ: ...உக்காருங்க. பஸ்ஸே அதிருது.

தெய்ஜி: ம்.

மசுயோ: அந்த வார்த்தை எப்ப கத்துக்கிட்டீங்க?

தெய்ஜி: எந்த வார்த்தை?

மசுயோ: 'மன்னிக்கணும்.' 'தப்பு என்னுது.' 'காக்க வெச்சுட்டேன்.' மூணு இருக்கு. இருபத்தாறு வருஷத்துல ஒண்ணுகூட என் காதுல விழல.

தெய்ஜி: இப்ப சொன்னேனே.

மசுயோ: பஸ்ல இருக்கறவங்களுக்குச் சொன்னீங்க.

தெய்ஜி: நீயும் பஸ்லதானே இருந்த?

மசுயோ: ...

தெய்ஜி: என்ன, பதிலே காணோம்? ஒண்ணுக்கு ரெண்டு வருமே.

மசுயோ: சும்மா இருங்க. ஜன்னல்ல ஆவி படிஞ்சிருக்கு, துடைக்கணும்.

தொகாஷி: இது குஷ்ஷாரோ ஏரி. ஏரி முழுக்க உறைஞ்சிருந்தாலும் இந்தக் கரையோரம் மட்டும் உறையாது, அடியில வெந்நீர் ஊறுது. அதான் அன்னங்கள் எல்லாம் இங்கேயே ஒட்டிக்கிட்டு இருக்கு. தயவுசெஞ்சு எதுவும் போடாதீங்க, இப்ப இரை போடக்கூடாது.

தெய்ஜி: அன்னம்னா வெள்ளையா இருக்கும்னு பாத்தா, கழுத்தெல்லாம் அழுக்கு.

மசுயோ: சேத்துல தலையை விட்டுத் தேடித்தானே சாப்பிடணும். அதுங்களுக்கு யாரு தட்டுல வெச்சு நீட்டறாங்க?

தெய்ஜி: இங்க தோண்டிப் பாரு. மண்ணு சூடா இருக்கு. கையை விடு.

மசுயோ: ஐய... ஆமா. நல்லா இருக்கே.

தெய்ஜி: மசுயோ, அந்தத் தாள்ல முத்திரை குத்தின அன்னிக்கு...

மசுயோ: எந்தத் தாள்?

தெய்ஜி: பிரியற தாள். அன்னிக்கு நான் ஏதாவது சொல்லியிருக்கணும், இல்ல?

மசுயோ: சொன்னீங்களே.

தெய்ஜி: என்ன சொன்னேன்?

மசுயோ: 'என் முத்திரையை எங்க வெச்ச?'ன்னு கேட்டீங்க. எந்த அலமாரின்னுகூட உங்களுக்குத் தெரியாது. நான்தான் தேடி எடுத்து, மைப் பெட்டியையும் திறந்து வெச்சேன். 'நேராப் பிடிங்க, கோணலா விழுந்தா திருப்பி அனுப்பிடுவாங்க'ன்னும் நான்தான் சொன்னேன்.

தெய்ஜி: ...நேராத்தான் குத்தினேன்.

மசுயோ: அந்த ஒரு தடவைதான் நான் சொன்னதைக் கேட்டீங்க.

தெய்ஜி: கோணலா குத்தியிருக்கணும்.

மசுயோ: என்னது?

தெய்ஜி: திருப்பி அனுப்பியிருப்பாங்களே.

மசுயோ: ...கையை எடுங்க மண்ணுலேர்ந்து. சிவந்துடுச்சு.

தொகாஷி: கிளம்பலாங்களா? இங்கேருந்து நேரா குஷிரோ. வழியில அதிர்ஷ்டம் இருந்தா கடல் கழுகு தெரியும்.

தெய்ஜி: மணி என்ன?

மசுயோ: மூணு. அஞ்சுக்கு ஸ்டேஷன். அஞ்சரைக்கு எனக்கு ரயில்.

தெய்ஜி: ரெண்டு மணி நேரம் இருக்கு.

மசுயோ: எதுக்கு?

தெய்ஜி: கழுகு பாக்க.

மசுயோ: ஓ. கழுகு பாக்க.

தொகாஷி: இடது பக்கம், மரத்து மேல! பெரிய மஞ்சள் மூக்கு தெரியுதுங்களா? கடல் கழுகு! இடது பக்கம்!

தெய்ஜி: பாத்தேன்! முதல் தடவையா சரியான பக்கம் பாத்தேன். மரத்துல அலமாரி மாதிரி உக்காந்திருக்கு.

மசுயோ: ஒரு வார்த்தை பேசாம, அசையாம, எதிர்ல இருக்கறவங்களை முறைச்சுக்கிட்டு. யாரோ தெரிஞ்சவங்க மாதிரி இருக்கு.

தெய்ஜி: நான்தான் இன்னிக்கு முழுக்கப் பேசிட்டு வர்றேனே.

மசுயோ: பேசறீங்க. கேக்க வந்ததை மட்டும் விட்டுட்டு.

தெய்ஜி: நான் என்ன கேக்க வந்தேன்?

மசுயோ: பாலத்துல ஆரம்பிச்சீங்க. கொக்கு எழுந்திருச்சுருச்சு.

தெய்ஜி: அது காதுல விழுந்துச்சா உனக்கு?

மசுயோ: குளிர்ல கண்ணுதான் மங்குது. காது நல்லாத்தான் இருக்கு.

தெய்ஜி: சரி. கேக்கறேன். இரு... தண்ணி குடிச்சுக்கறேன்.

மசுயோ: குடிங்க.

தெய்ஜி: மினோரி கல்யாணத்துக்கு நானும் வரணும். எனக்கு ஆசையா இருக்கு. 'அம்மா போகட்டும்'னு சொன்னதெல்லாம் சும்மா வீம்பு. அன்னிக்குப் பூரா சாப்பாடு இறங்கல. அவ வெள்ளைக் கிமோனோ கட்டிக்கிட்டு நிக்கறதைப் பாக்காம நான் அந்த நாள்ல எங்க போய் உக்காரறது? மூடின சந்தையிலயா? ஒரு நாள் என் பக்கத்துல உக்காரு. சிரிக்கக்கூட வேண்டாம். இந்தக் கழுகு மாதிரி உக்காந்தாக்கூடப் போதும். ஏதாவது சொல்லு.

மசுயோ: எண்ணிட்டிருந்தேன். ஒரே மூச்சுல பத்து வாக்கியம்.

தெய்ஜி: மசுயோ.

மசுயோ: இவ்வளவும் உள்ள இருந்துச்சா?

தெய்ஜி: வருவியா, மாட்டியா?

தொகாஷி: இதோ கருத்துத் தாள்! பயணம் எப்படி இருந்துச்சுன்னு ஒரு வரி, கீழ உங்க முழுப் பேரு. ஸ்டேஷன் வர்றதுக்குள்ள வாங்கிக்கறேன். இந்தாங்க ஹோன்மா சான், உங்களுக்கு ஒண்ணு... உங்களுக்கு ஒண்ணு.

தெய்ஜி: இந்தப் பொண்ணுக்கு நேரமே தெரியாது.

மசுயோ: அவ வேலையை அவ பாக்கறா. பேனா குடுங்க.

தெய்ஜி: முதல்ல எனக்குப் பதில் சொல்லு.

மசுயோ: முதல்ல இதை எழுதறேன். 'கொக்கு நன்று. நரி பாதி. ஏரி ஓடிவிட்டது.' நீங்க என்ன எழுதினீங்க?

தெய்ஜி: 'நன்று.'

மசுயோ: அவ்வளவுதானா? காலியாயிடுச்சா, சேத்து வெச்ச வார்த்தையெல்லாம்?

தொகாஷி: எல்லாரும் எழுதிட்டீங்களா? நன்றி... நன்றி... மன்னிக்கணும், ஒரு நிமிஷம். 'குரியா மசுயோ'ன்னு ஒரு தாள் வந்திருக்கு. குரியா சான் யாரு? என் பட்டியல்ல அந்தப் பேரே இல்லையே. வேற பஸ் ஆளு யாராவது மாறி ஏறிட்டீங்களா?

மசுயோ: என்னுதும்மா அது.

தெய்ஜி: குரியாவா? அது உங்க அப்பா வீட்டுப் பேராச்சே.

மசுயோ: என் பேரு. நீங்க நேரா முத்திரை குத்தின அன்னியிலேருந்து.

தொகாஷி: அப்ப காலையில நான் ஹோன்மா சான்னு கூப்பிட்டப்ப...

மசுயோ: 'இதோ'ன்னேன்.

தொகாஷி: எனக்குக் குழப்பமா இருக்குங்க. பட்டியல்ல 'ஹோன்மா, ரெண்டு பேர்'னு...

மசுயோ: சரியாத்தான் இருக்கு. ஆளும் ரெண்டு. பேரும் ரெண்டு.

தெய்ஜி: பேங்க் புக்கு, லைசென்ஸு, முத்திரைன்னு அவ்வளவு சொன்னியே காலையில!

மசுயோ: 'யாரு அலையறது'ன்னு கேட்டேன். நான்தான் அலைஞ்சேன். ஒரு மாசம்.

தெய்ஜி: அப்ப... அந்த உறை...

மசுயோ: மினோரிக்கு என் பேரு தெரியும். தபால்காரருக்குக்கூடத் தெரியும். 'இங்க ஹோன்மான்னு யாரும் இல்லையே'ன்னு ரெண்டு தடவை வந்து கேட்டார். இன்னமும் என்னை 'ஹோன்மா மசுயோ'ன்னு எழுதற ஆளு இந்த உலகத்துல ஒருத்தர்தான். அதுவும் மீன் பெட்டி மேல கிறுக்கற அதே எழுத்துல.

தெய்ஜி: ...மினோரிக்கு இது எதுவுமே தெரியாது.

மசுயோ: தெரியும். அவளுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும்.

தெய்ஜி: கை தன்னால எழுதிடுச்சு. தபால் பெட்டியில போட்டப்புறம்தான் உறைச்சுது. பேரு மாறியிருந்தா பஸ்ல ஏத்தமாட்டாங்களேன்னு மூணு நாளா தூக்கமில்ல.

மசுயோ: ஏத்தமாட்டாங்கதான். அதான் 'இதோ'ன்னேன்.

தெய்ஜி: நான்னு தெரிஞ்சேதான் வந்தியா?

மசுயோ: சால்மன் உருண்டை ரெண்டும் கொக்குக்குன்னு நினைச்சீங்களா?

தெய்ஜி: அப்ப, மே மாசம்...

மசுயோ: நீங்களே மினோரிக்குப் போன் பண்ணிச் சொல்லுங்க. மேசையில வெக்கற பேர் அட்டை ரெண்டையும் பக்கத்துல பக்கத்துலயே வெக்கட்டும். ஆனா என் அட்டையில 'குரியா'ன்னுதான் இருக்கணும்... காலையிலேருந்து உங்க பேருக்கு 'இதோ, இதோ'ன்னு சொல்லிச் சொல்லி எனக்கு வாயே வலிக்குது.